ஒன்பது கூடைப் பூங்கா: என் தட்டு மட்டும் ஏன் இடது பக்கமே போகிறது?

கானாடுகாத்தான்காரி | ஜூன் 9, இரவு 10.50

எல்லாருக்கும் வணக்கம். விளையாட்டுப் பகுதியில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. இங்கே கிரிக்கெட்டும் சதுரங்கமும்தான் கண்ணில் படுகின்றன. இருந்தாலும் இதைத் தமிழில் கேட்க எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

பின்லாந்தில் தாம்பெரே என்ற ஊரில் இருக்கிறோம். வந்து இரண்டு வருடம் ஆகிறது. (ஊரில் யார் கேட்டாலும் அம்மா "தாம்பரம்" என்றே சொல்லிவிடுகிறார். விளக்கிச் சொல்ல அலுப்பாம்.) எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு பூங்கா. பாதி புல்வெளி, பாதி பைன் காடு, ஓரமாக வாத்துகள் நீந்தும் ஒரு சின்னக் குளம், நடுவில் நாயோடு நடப்பவர்களுக்கான சரளைப் பாதை. அதற்குள் அங்கங்கே ஒன்பது இரும்புக் கூடைகள் நிற்கின்றன. ஒரு கம்பம், இடுப்புயரத்தில் கூடை, அதற்கு மேலே ஒரு வளையம், வளையத்திலிருந்து தொங்கும் சங்கிலிகள். வந்த முதல் குளிர்காலம் முழுக்க அது பறவைகளுக்குத் தீனி வைக்கிற ஏற்பாடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பழைய ரொட்டிகூட ஒரு தடவை போட்டேன். இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். "அம்மா, அது ஃப்ரிஸ்பீகோல்ஃப்" என்று ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினான். கோல்ஃப் மாதிரியேதான், பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கூடை. சிமெண்ட் பாவிய இடத்தில் நின்று முதல் வீச்சு, அது விழுந்த இடத்திலிருந்து அடுத்தது, சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் உட்காரும் வரை எண்ணிக்கொண்டே போக வேண்டும். கட்டணம் கிடையாது, காவலாள் கிடையாது. பையன் நான்கு நாள் ஆடிவிட்டு ஃபுட்பாலுக்குப் போய்விட்டான். நான்தான் மாட்டிக்கொண்டேன். ஏப்ரலில் பனி கரைந்ததிலிருந்து வாரத்தில் நாலு நாள், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் போய்விடுகிறேன். இப்போது பதினோரு மணி வரை வெளிச்சம் இருக்கிறதே.

இனி என் கஷ்டம். கடையில் சுவர் முழுக்கத் தட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் நாலு எண்கள். அழகான ஊதா நிறத்தில் ஒன்று, 13 என்று போட்டிருந்தது. பெரிய எண் என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று அதையே எடுத்தேன். 175 கிராம். எவ்வளவு இழுத்து வீசினாலும் இருபத்தைந்து மீட்டர் போகிறது, அப்புறம் யாரோ கயிறு கட்டி இழுத்தது போல இடது பக்கம் விழுகிறது. முதல் கூடை 62 மீட்டர், நேர் கோடு, அங்கே எப்படியோ சமாளிக்கிறேன். ஆறாவது கூடைதான் எமன். 71 மீட்டர், பாதி தூரத்தில் ஒரு பெரிய பிர்ச் மரம், அதைத் தாண்டி வழி வலது பக்கம் வளைகிறது. இடது பக்கம் என்ன இருக்கிறது? குளம். பையனுடைய தட்டு ஒன்று அந்தக் குளத்தில் போனது. இன்னொன்று நாலாவது கூடைக்குப் பின்னால் புளூபெர்ரி செடிகளுக்குள் போய் ஆளையே காணோம்.

ஒவ்வொரு கூடைக்கும் மூன்று வீச்சு கணக்கு, ஒன்பதுக்கு 27. இதுவரை என் சாதனை 44.

இன்னொன்றும் கேட்க வேண்டும், சிரிக்காதீர்கள். பின்னால் பையன்கள் வந்துவிடுகிறார்கள், முதுகில் பை, பைக்குள் இருபது தட்டு. அவர்கள் காத்துக்கொண்டு நிற்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது. உடனே ஷூ லேஸ் கட்டுவது மாதிரி குனிந்துகொள்கிறேன். நேற்று என் காலில் இருந்தது லேஸ் இல்லாத செருப்பு. இவர்களை எப்படிப் போகச் சொல்வது? எந்தத் தட்டு வாங்குவது? 46 வயதில் இதெல்லாம் கைக்கு வருமா, இல்லை நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?

---

சும்மா பார்க்கிறவன் | ஜூன் 9, இரவு 11.35

தட்டைக் கூடையில் போடுவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா? எங்கள் வீட்டில் சாப்பிட்டதும் கழுவுகிற தொட்டியில் போட்டுவிடுவோம்.

---

கானாடுகாத்தான்காரி | ஜூன் 10, காலை 7.15

உங்கள் வீட்டுத் தொட்டி 71 மீட்டர் தள்ளியா இருக்கிறது?

---

எஸ்போ ரகு | ஜூன் 10, மாலை 6.40

முதலில் அந்த ஊதாத் தட்டை அலமாரியில் வையுங்கள். ஒரு வருடம் வெளியே எடுக்காதீர்கள். உங்கள் கையில் குறை எதுவும் இல்லை.

13 என்பது மதிப்பெண் இல்லை. அந்தத் தட்டு ஒழுங்காகப் பறக்க எவ்வளவு வேகம் கேட்கிறது என்பதற்கான எண். நாலு எண்களில் முதலாவது வேகம். இரண்டாவது மிதப்பு, எவ்வளவு நேரம் காற்றில் தங்கும் என்பது. மூன்றாவது, வேகமாகப் போகும்போது எவ்வளவு வலது பக்கம் சாயும் என்பது. அது பெரும்பாலும் மைனஸில் இருக்கும். நாலாவது, வேகம் குறைந்த பிறகு எவ்வளவு இடது பக்கம் விழும் என்பது. இதெல்லாம் வலது கைக்காரர் உடலுக்குக் குறுக்கே இழுத்து வீசும் வீச்சுக்கு, அதாவது பேக்ஹேண்டுக்கு. நீங்கள் வீசுவதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏன் இடது? அப்படி வீசினால், மேலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தட்டு கடிகார முள் போகும் பக்கம் சுழலும். வேகம் குறையக் குறையக் காற்று அதன் முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கும். ஆனால் சுழல்கிற பொருளை ஒரு இடத்தில் தூக்கினால் அது அங்கே எழும்பாது. கால் சுற்று தள்ளி எழும்பும். பம்பரம் சாயும்போது உடனே விழாமல் தலையை ஆட்டிக்கொண்டு சுற்றுகிறதே, அதே சங்கதி. முன்விளிம்பில் விழும் தூக்கல் வலது விளிம்பில் போய் எழும்ப, தட்டு இடது பக்கம் சாய்கிறது. அநேகமாக எல்லாத் தட்டும் கடைசியில் இதைத்தான் செய்யும். உங்கள் 13 எண் தட்டு மட்டும் கையை விட்டதுமே செய்கிறது. அது கேட்கும் வேகம் நம்மைப் போன்றவர்கள் கையில் வராது, ஆகவே அதைப் பொறுத்தவரை அது கிளம்பும்போதே களைத்துப்போன தட்டு. எனக்கு 52 வயது, ஒன்பது வருடமாக ஆடுகிறேன், 9 எண்ணுக்கு மேல் இன்றுவரை வாங்கவில்லை.

நீங்கள் வாங்க வேண்டியது வேகம் 2 அல்லது 3 போட்ட பட்டர் ஒன்று. (வெண்ணெயும் இல்லை, கோயில் பட்டரும் இல்லை. கூடைக்குப் பக்கத்தில் வந்து மெல்லப் போடுகிற தட்டுக்கு அப்படிப் பெயர்.) 160 சொச்சம் கிராமில் கேளுங்கள். விலை குறைந்த, கொஞ்சம் சொரசொரப்பான பிளாஸ்டிக் போதும், பிடிமானம் நன்றாக இருக்கும். ஒரு மாதம் ஒன்பது கூடைக்கும் அதை மட்டுமே வைத்துக்கொண்டு ஆடுங்கள். சிமெண்ட் மேடையிலிருந்தும் அதேதான். பிறகு வேண்டுமானால் வேகம் 5 போட்ட ஒன்று. 60, 70 மீட்டர் பூங்காவுக்கு ஆயுசுக்கும் இந்த இரண்டு போதும்.

வீசும்போது கவனிக்க வேண்டியது மூக்கு. தட்டின் முன்விளிம்பு மேலே பார்த்துக்கொண்டு போனால் ஏறும், நிற்கும், இடது பக்கம் சரியும். முக்கால்வாசிப் பேர் தட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்க, உண்மையில் கோளாறு மூக்கில் இருக்கும். டம்ளரிலிருந்து டபராவுக்குக் காபியை ஆற்றும்போது மணிக்கட்டு எப்படிக் கீழே சரிகிறது? விடும் நேரத்தில் அந்தச் சரிவு இருக்க வேண்டும். ஓடி வந்து வீசாதீர்கள். நின்ற இடத்திலிருந்தே, தட்டை மார்புக்கு ஒட்டினாற்போல நேராக இழுங்கள். அரை வட்டமாகச் சுற்றிக் கொண்டுவந்தால் அது எங்கே போகும் என்று சொல்ல ஜோசியரால்கூட முடியாது.

பின்னால் வருகிற பையன்கள் விஷயம். உங்கள் கூடையை முடித்துவிட்டு அடுத்த மேடையில் ஓரமாக நின்று, கையைக் காட்டி "ஒலெ ஹுவா" என்று சொல்லுங்கள். தயவுசெய்து நீங்கள் போங்கள் என்று அர்த்தம். நன்றி சொல்லிவிட்டு இரண்டே நிமிடத்தில் போய்விடுவார்கள். நீங்கள் குனிந்துகொண்டிருந்தால்தான் அவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியாது. பின்லாந்துக்காரர்கள் "தள்ளிக்கொள்ளுங்கள்" என்று கேட்பதற்குள் விடிந்துவிடும்.

தட்டின் அடிப்பக்கம் பெயரும் ஃபோன் நம்பரும் எழுதினீர்களா? அழியாத மார்க்கரில் உடனே எழுதுங்கள். இந்த நாட்டில் தொலைந்த தட்டு திரும்பி வரும்.

ஒரு கிளைக்கதை. பின்லாந்துக்கு முன்னால் நாலு வருடம் கலிபோர்னியாவில் பாசடீனா பக்கம் இருந்தேன். அங்கே நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தை ஒட்டி ஓக் குரோவ் என்றொரு பூங்கா, இப்போது ஹஹமோங்னா என்கிறார்கள். இந்த விளையாட்டுக்கென்று முதல் நிரந்தர மைதானம் 1975இல் அங்கேதான் அமைந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக், ஃப்ரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் இருந்தவர். முதலில் கூடையே இல்லை, வெறும் கம்பம். தட்டு கம்பத்தில் பட்டதா படவில்லையா என்று ஓயாத சண்டை. அதனால்தான் தட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சங்கிலிக் கூடையைச் செய்து 1977இல் காப்புரிமை வாங்கினார். உங்கள் பூங்காவில் நிற்கிற "பறவைத் தீனிக் கூடை" அவருடைய கொள்ளுப்பேரன். 2002இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். நமக்கு ராமேஸ்வரம், அவருக்கு இது.

---

தொன் ஆற்றங்கரை | ஜூன் 11, அதிகாலை 4.05

ரகு சொன்னது எல்லாம் சரி. ஆனால் தங்கச்சி, ஆறாவது கூடைக்கு அது காணாது. வலது பக்கம் வளைகிற வழிக்கு இடது பக்கம் விழுகிற எறியை வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்டுவான்?

நான் டொரொண்டோவில் ஈ.டி. சீட்டன் பூங்காவில் எறிகிறனான். தொன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள்ளே, பக்கத்தில் அம்பு விடுகிற திடல். முதல் ரெண்டு வருசம் நானும் உங்களைப் போலத்தான், எந்த மரத்தையும் விட்டுவைக்கவில்லை. பிறகு ஒருநாள் ஏரிக்கரையில் பேரனுக்குக் கல் எறிந்து காட்டினேன். தட்டைக் கல்லை எடுத்துத் தண்ணிக்கு மேலாலே பக்கவாட்டில் விட, அது தத்தித் தத்திப் போகுமே, அதுதான். அப்ப விளங்கியது. இதே கையை அங்கே ஏன் பாவிக்கவில்லை என்று.

சின்ன வயசில் குளத்தில் ஓட்டுச் சில்லு விட்டிருப்பீங்கள்தானே? அதேதான். சுட்டுவிரலும் நடுவிரலும் விளிம்புக்கு உட்பக்கம், பெருவிரல் மேலே, உள்ளங்கை வானத்தைப் பார்க்க வேணும். முழங்கை இடுப்புக்குக் கிட்ட. தோளால் எறியாதேங்கோ, மணிக்கட்டால் ஒரு சுண்டு. கடைசி நேரத்தில் கையைக் கவிழ்க்கக் கூடாது, கவிழ்த்தால் தட்டு ஆடி ஆடிப் போய் விழும். இந்த எறியில் தட்டு மற்றப் பக்கம் சுழலும், அதனால் கடைசியில் வலது பக்கம் விழும். பிர்ச் மரத்துக்கு இடது பக்கத்தால் விடுங்கோ, மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கெதியாக எறிய வேணும் என்று இல்லை. சுழற்சிதான் வேணும்.

---

கானாடுகாத்தான்காரி | ஜூன் 19, இரவு 11.30

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

ரகு சார் சொன்ன பட்டர் வாங்கியாயிற்று. 165 கிராம், வேகம் 2, ஆரஞ்சு நிறம், 11 யூரோ. கடைக்காரப் பையனிடம் "மெதுவாகப் போகிற தட்டு வேண்டும்" என்று கேட்டேன். அவன் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே, இத்தனை நாளாக யாரும் அப்படிக் கேட்டதில்லை போல. முதல் நாளே முதல் கூடையில் நேராகப் போனது. நாற்பது மீட்டர்தான், ஆனால் நேராக! காபி ஆற்றுகிற மணிக்கட்டு மூன்று நாளில் வந்துவிட்டது. எனக்கு அது தனியாகப் படிக்க வேண்டிய பாடமே இல்லை. எங்கள் வீட்டில் தினமும் ஆறு டம்ளர்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆறாவது கூடை. டொரொண்டோ அண்ணன் எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் ஊருணியில் நாலு பக்கமும் படிக்கட்டு. லீவு நாட்களில் நானும் பெரியப்பா மகன்களும் இடிந்த வீட்டு ஓட்டுச் சில்லுகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு போவோம். நாட்டு ஓட்டுச் சில்லு வளைந்திருக்கும், தண்ணீரில் பட்டதும் "தொப்". தட்டையாக உடைந்த சில்லுக்குத்தான் மதிப்பு, ஒன்றுக்கு ரெண்டு புளியங்காய் விலை. நான் ஏழு தத்து வரை விட்டிருக்கிறேன், அண்ணன்மார் யாரும் ஐந்தைத் தாண்டியதில்லை. பெரிய பெண் ஆனதும் ஊருணிப் பக்கம் போகக் கூடாது என்று ஆயா சொல்லிவிட்டார். அதோடு சரி. அந்தக் கையை முப்பத்து மூன்று வருடமாக எதற்கும் பயன்படுத்தவில்லை.

அன்று ராத்திரியே போனேன். யாரும் இல்லை, கொசுதான். முதல் வீச்சு நேராக பிர்ச் மரத்தில் "டொக்". இரண்டாவது கை கவிழ்ந்துவிட்டது, ஆடிக்கொண்டே போய்க் குளக்கரையில் வாத்துகளுக்கு நடுவில் விழுந்தது. மன்னிப்புக் கேட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது தடவை, தட்டு என்ற நினைப்பை விட்டுவிட்டு, சில்லு விடுகிற மாதிரியே இடது காலை முன்னே வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பைத் தாழ்த்திச் சுண்டினேன். மரத்துக்கு இடது பக்கமாகப் போனது, குளத்துக்கு மேலே ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது, எனக்கு மூச்சே நின்றுவிட்டது, அப்புறம் மெல்ல வலது பக்கம் சாய்ந்து, கூடைக்குப் பத்தடி முன்னால் புல்லில் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. அடுத்த வீச்சு சங்கிலியில் "சலங்" என்று பட்டு வெளியே தெறித்து விழுந்தது, அது வேறு கதை. மூன்றில் முடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை ஆறாவது கூடையில் மூன்று. (முந்தின ரெண்டு வீச்சும் ஒத்திகை. யாரும் பார்க்கவில்லை.)

இப்போது மொத்தம் 36. ஐந்து கூடைகளில் பேக்ஹேண்ட், நாலில் சில்லு வீச்சு.

ஷூ லேஸ் கட்டுவதை நிறுத்திவிட்டேன். "ஒலெ ஹுவா" சொன்னதும் பையன்கள் நிஜமாகவே ஓடிப்போய் வீசிவிட்டு, திரும்பிப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போனார்கள். அதில் ஒருவன் நான் ஏழாவது கூடையில் சில்லு விடுவதைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான். வேகமாகச் சொன்னதால் புரியவில்லை, "ஹுவா" மட்டும் காதில் விழுந்தது. அந்த ஊர்ப் பாஷையில் "நல்லது" என்பதற்கும் அதே சொல்தான். பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இன்னொரு நாள் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் துணிப்பையில் இரண்டே தட்டோடு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பது கூடையும் 29இல் முடித்தார். நான் பின்னாலேயே போய் எண்ணினேன்.

இன்னொரு அதிசயம். போன வாரம் ஃபோனில் ஒரு குறுஞ்செய்தி. பையன் தன் தட்டுகளில் என் நம்பரை எப்போதோ எழுதி வைத்திருக்கிறான், எனக்கே தெரியாது. புளூபெர்ரி செடிக்குள் தொலைந்தது கிடைத்துவிட்டதாம், நாலாவது மேடைப் பலகைக்குப் பின்னால் வைத்திருப்பதாக யாரோ அனுப்பியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால், மண்ணைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள்.

இப்போது ஒரு சட்டப் பிரச்சினை. நேற்று மூன்றாவது கூடையில் என் தட்டு நல்ல இடத்தில் விழுந்து கிடந்தது. சரளைப் பாதையில் வந்த ஒரு நாய் ஓடிவந்து அதைக் கவ்விக்கொண்டு, குளக்கரை வரை போய்ப் போட்டது. நாய்க்காரர் ஆயிரம் மன்னிப்புக் கேட்டார். நான் எங்கிருந்து வீச வேண்டும்? நாய் போட்ட இடத்திலிருந்து என்கிறான் என் மகன். அவன் நாய்க்கட்சி.

---

எஸ்போ ரகு | ஜூன் 20, காலை 8.10

மகன் கட்சி தோற்றது. விழுந்து நின்றுவிட்ட தட்டை ஆளோ விலங்கோ நகர்த்தினால், முதலில் கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்து ஆட வேண்டும். பறந்துகொண்டிருக்கும்போது தற்செயலாக நாய்மேல் பட்டுத் திசை மாறினால் மட்டும், அது போய் நின்ற இடம்தான் உங்கள் இடம்.

ஆனால் பாதையில் நாய் வரும்போது நீங்கள் வீசினீர்களா, வீசிய பிறகு நாய் வந்ததா? முன்னதாக இருந்தால் குற்றம் உங்களுடையது. பொதுப் பூங்காவில் நடக்கிறவர்களுக்குத்தான் முதல் உரிமை. குழந்தை வண்டி, மிதிவண்டி, கையில் இரண்டு கோலோடு நடைப்பயிற்சி போகும் பாட்டிகள், யார் வந்தாலும் அவர்கள் தாண்டிப் போகும் வரை காத்திருங்கள். தவறிப் போனால் "ஃபோர்!" என்று கத்துங்கள் (கிரிக்கெட் நாலு இல்லை, "பார்த்து, தட்டு வருகிறது" என்ற கோல்ஃப் எச்சரிக்கை). 165 கிராம் என்பது கேட்கத்தான் லேசு, காதோரம் பட்டால் தெரியும்.

36க்கு வாழ்த்துகள். கூடைக்குப் பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் போட்டுவிட்டு அப்படியே முன்னால் நடந்துவிடாதீர்கள், நின்ற நிலையில் சமநிலை காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். சும்மா ஆடும்போது யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் பழகிக்கொள்வது நல்லது.

---

கானாடுகாத்தான்காரி | ஜூன் 20, மாலை 5.55

நாய் பிறகுதான் வந்தது, சத்தியம். ஆனால் "ஃபோர்" எனக்கு வாயில் வர மாட்டேன் என்கிறது. போன மாதம் ஒருவரைப் பார்த்து என்னை அறியாமல் "தள்ளுங்க தள்ளுங்க" என்றுதான் கத்தினேன். தள்ளிவிட்டார்.

---

ஓவ்லு மீனாட்சி | ஜூன் 22, பகல் 2.20

நான் இன்னும் வடக்கே, ஓவ்லுவில். இங்கே ஏழாவது வருடம். ஜூனில் எல்லாரும் ஆடுவார்கள் அக்கா, உங்களைப் பற்றி டிசம்பரில் முடிவு சொல்கிறேன்.

குளிர்காலத்தில் ஆடலாம், கூடைகள் அப்படியேதான் நிற்கும். ஆனால் தட்டு பனியில் விழுந்தால் மேலே உட்காராது, உள்ளே போய்விடும். வெளியே தெரிவது உண்டியல் வாய் மாதிரி ஒரு கீறல் மட்டும். அந்தக் கீறல் எங்கே என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும், ஒரு நொடி திரும்பினால் போச்சு. இங்கே எல்லாரும் தட்டின் அடியில் ஒரு நீளமான ரிப்பனை ஒட்டிவிடுவார்கள், அது பனிக்கு மேலே வால் மாதிரி நிற்கும். உங்கள் ஆரஞ்சு நல்ல நிறம். வெள்ளை வாங்கியவர்களை எனக்குத் தெரியும், மே மாதம் வரை தேடினார்கள். ஊதா கோடையில் புளூபெர்ரிக்குள் தொலையும், வெள்ளை குளிர்காலத்தில்.

எங்களுக்கு டிசம்பரில் மூன்றரை மணி நேரம்தான் பகல், உங்களுக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். வேலை முடிந்து வந்தால் இருட்டு. அதற்குப் பட்டன் அளவு எல்இடி விளக்கைத் தட்டின் அடியில் டேப் போட்டு ஒட்டி வீசுவோம். கறுப்புக் காட்டுக்குள் பச்சை வெளிச்சம் ஒன்று சுற்றிக்கொண்டே மிதந்து போகும். என் கணவருக்கு இந்த விளையாட்டே பிடிக்காது, இதைப் பார்க்க மட்டும் வருவார்.

மூன்று விஷயம் மறக்காதீர்கள். காலணியில் ஆணி வைத்த பட்டை மாட்டிக்கொள்ளுங்கள், பனி மூடிய சிமெண்ட் மேடையில் கால் வழுக்கி நான் ஒரு மாதம் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தேன். பூங்காவில் பனிச்சறுக்குத் தடம் போட்டிருந்தால் அதன்மேல் கால் வைக்காதீர்கள், வாயே திறக்காத பின்லாந்துக்காரர் வாயைத் திறப்பது அந்த ஒரு இடத்தில்தான். கடும் குளிரில் விலை குறைந்த பிளாஸ்டிக் மரத்தில் பட்டால் விரிசல் விடலாம், அதனால் ஆறாவது கூடையில் மட்டும் பழைய தட்டை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கோடையில் வீட்டுக்குப் போனதும் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், ஆண்கள் "நான் நூறு மீட்டர்" என்று ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள். அந்தப் பாட்டி 29 போட்டது தூரத்தால் இல்லை.

உங்கள் ஊரிலிருந்து நோக்கியா பதினைந்து கிலோமீட்டர்தானே? 2025இல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது அங்கேதான். நான் ரயிலில் வந்து பார்த்துவிட்டுப் போனேன்.

---

கானாடுகாத்தான்காரி | ஜூன் 22, இரவு 9.40

அதைக் கேட்காதீர்கள் மீனாட்சி. என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூரில் அந்தப் பெயர் போட்ட ஆலையில்தான் வேலைக்குச் சேர்ந்தார். அப்படி ஒரு ஊர் இருக்கிறது என்பதே எங்களுக்கு இங்கே வந்து, பேருந்துப் பலகையைப் பார்த்துத்தான் தெரியும். போட்டி நடந்த நாட்களில் பேருந்து முழுக்கப் பெரிய பெரிய பையோடு ஆட்கள். ஏதோ சமையல் பாத்திரக் கண்காட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

ரிப்பன் குறித்துக்கொண்டேன். ஊரிலிருந்து வந்த தலைப்பின்னல் ரிப்பன் ஒரு கட்டு சும்மா கிடக்கிறது, சிவப்பு.

---

சும்மா பார்க்கிறவன் | ஜூன் 23, காலை 6.30

தெரியாமல் கேட்கிறேன், அந்த ஊதாத் தட்டை என்ன செய்யப் போகிறீர்கள்?

---

கானாடுகாத்தான்காரி | ஜூன் 23, காலை 7.05

தருகிறேன். தபால் செலவு உங்களுடையது. கழுவித்தான் அனுப்புவேன், தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.